இருபதுக்குப் பத்தொன்பது

என் மகள் ஆஸ்திரேலியக் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்த மூன்று மாதமும் பர் துபாயில் இருந்தபடி நானும் படித்தேன். என்னை யாரும் படிக்கச் சொல்லவில்லை. ஆனால் அவள் பாஸாக வேண்டும் என்பதில் அவளைவிட எனக்குத்தான் அவசரம் அதிகம்.

அவள் பிறந்தது துபாயில். பள்ளி முடித்ததும் உதவித்தொகை கிடைத்து மெல்போர்னுக்குப் படிக்கப் போனாள், வேலையும் அங்கேயே அமைந்துவிட்டது. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்ததால் அவளுடைய துபாய் விசா செல்லாமல் போனது. அதற்குப் பிறகு, பிறந்த ஊருக்கு அவள் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் நான் விசிட் விசா எடுக்க வேண்டும். அன்றைக்கு இந்திய பாஸ்போர்ட்டுக்கு அதுதான் வழி.

ஒருமுறை என் மனைவிக்குத் திடீரென்று பித்தப்பையில் ஆபரேஷன் என்றார்கள். பதற்றத்தில் நான் விசா விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில் மகளுடைய பழைய பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்துத் தொலைத்தேன். அதைத் திருத்தி விசா வாங்குவதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. மகள் வந்து நின்றபோது தையலே பிரித்தாகிவிட்டது. உம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

"அந்த ஊரு பாஸ்போர்ட் இருந்தா விசாவே வேணாமாமே. எடுத்துரு புள்ள. எனக்கு ஒண்ணுன்னா நீ ஒடனே வரணும்" என்றாள் மனைவி. நாங்கள் மூவரும் பேசி எடுத்த முடிவு இந்த மூன்று வாக்கியம்தான்.

நான் மீனா பஜாரில் ஒரு ஜவுளிக்கடையின் மேனேஜர். மதியம் ஒரு மணிக்குக் கடையை அடைத்தால் நாலு மணிக்குத்தான் திறப்போம். இங்கே மதியம் இரண்டு என்றால் மெல்போர்னில் இரவுச் சாப்பாட்டு நேரம். சோற்றுத் தட்டுக்கு எதிரே ஊறுகாய் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, பிரிண்ட் எடுத்த தேர்வுக் கையேட்டை மடியில் விரித்துக்கொண்டு நான் கேள்வி கேட்பேன். அவள் அங்கே தோசையைத் திருப்பிக்கொண்டே பதில் சொல்வாள். தேசிய மலர் என்ன, கொடியில் எத்தனை நட்சத்திரம், கவர்னர் ஜெனரலின் வேலை என்ன. என் இங்கிலீஷ் துணி விற்கக் கற்ற இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டு நான் பார்லிமென்ட் என்றும் கான்ஸ்டிடியூஷன் என்றும் இழுப்பதைக் கேட்டு அவள் சிரிப்பாள். சிரிக்கட்டுமே, படிக்கிறாளே.

போகப்போக எனக்கே அது பித்தாகிவிட்டது. கடையில் பச்சைப் புடவையும் தங்க நிறப் புடவையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஆஸ்திரேலியாவின் தேசிய நிறங்கள் என்று கூட வேலை செய்பவர்களிடம் அளப்பேன்.

"இருவத்தெட்டு வருசமா இருக்கிற ஊரப் பத்தி ஒருத்தராவது ஒங்கள்ட்ட ஒரு கேள்வி கேட்டிருக்காங்களா?" என்று மனைவி சீண்டுவாள்.

நியாயமான கேள்விதான். ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை விசா புதுப்பிக்கும்போது ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். இந்த நாட்டில் நான் எழுதிய தேர்வெல்லாம் அதுதான், எல்லாவற்றிலும் பாஸ். படிக்கவே வேண்டியதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வந்தேன், உழைத்தேன், குடும்பத்தைக் கூட்டிவந்தேன், நன்றாக இருக்கிறேன்.

கையேட்டில் விழுமியங்கள் என்று ஒரு பகுதி இருந்தது. சுதந்திரம், மரியாதை, சமத்துவம் என்று போனது. மொத்தம் இருபது கேள்வி, அதில் ஐந்து இந்தப் பகுதியிலிருந்து வரும், அந்த ஐந்தும் சரியாக இருந்தால்தான் பாஸ் என்று தெளிவாகவே போட்டிருந்தது. நான்தான் பெரிய மனுஷனாகப் பக்கங்களைத் தள்ளினேன். "இதெல்லாம் நல்லா வளந்த புள்ளைக்குத் தெரியாதாக்கும்? நாந்தான் வளத்திருக்கேனே. அடுத்ததுக்குப் போ" என்றேன்.

தேர்வன்று காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே துணி காட்டினேன். அழைப்பு வந்தது.

"பத்தொம்பது வாப்பா."

"மாஷா அல்லாஹ்! இருவதுக்கா?"

"ஆமா. ஆனா ஃபெயில்."

தவறவிட்ட ஒன்று அந்த ஐந்தில் ஒன்று. அரசாங்கத்தின் ஒரு முடிவு பிடிக்கவில்லை என்றால் மக்கள் அமைதியாகக் கூடி எதிர்ப்பைச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் யோசிக்கவே இல்லையாம். கை தானாகவே 'கூடாது' என்ற பதிலுக்குப் போய்விட்டதாம்.

"கூட்டத்தப் பாத்தா ஒதுங்கிப் போயிரணும், நமக்கெதுக்கு வம்புன்னு நீங்கதான வாப்பா சொல்லுவீங்க" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. சின்ன வயதில் எத்தனை முறை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலைக்கு எதிர்ப்புறம் போயிருப்பேன். ரெண்டு பேர் பார்க்கிங்குக்குச் சண்டை போட்டு நாலு பேர் வேடிக்கை பார்த்தாலே நான் அந்தத் தெருவில் போகமாட்டேன். அந்தப் புத்தி எங்களை இங்கே நிம்மதியாக வைத்திருந்தது. அதுவே அவளை அங்கே கவிழ்த்துவிட்டது. பழைய பாஸ்போர்ட் எண் மாதிரி இதுவும் என் கைவரிசைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி எழுதலாம் என்றார்கள். இந்த முறை கொடியையும் மலரையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு விழுமியங்களை மட்டும் கேட்டேன். அடுப்படியிலிருந்து மனைவியும் சேர்ந்துகொண்டாள். கணவன் சொல்வதற்கெல்லாம் மனைவி கட்டுப்பட வேண்டுமா என்று நான் வாசித்து முடிப்பதற்குள் "வேண்டாம்!" என்று அவள் போட்ட சத்தம் மெல்போர்னுக்குப் போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

இரண்டாம் முறை இருபதுக்கு இருபது. சில மாதம் கழித்து உறுதிமொழி எடுத்தாள், அதையும் போனிலேயே பார்த்தோம். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது; இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த அன்று அவள் சரியாகப் பேசவில்லை. இனி எங்கள் சொந்த ஊரான கீழக்கரைக்குப் போக அவள் விசா கேட்க வேண்டும். அது எனக்கும் வலித்தது, மறைப்பானேன். ஒன்றை வாங்க ஒன்றைக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லித் தேற்றிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. பக்காலா மளிகைக்கடையிலிருந்து தண்ணீர் கேன் வந்திருக்கும் என்று பனியனோடு போய்க் கதவைத் திறந்தேன். மகள் நின்றாள், தோளில் ஒரே ஒரு பை.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாயில் வந்ததோ திட்டு.

"ஒரு போன் பண்ணக் கூடாதா? இப்படியா சொல்லாமக் கொள்ளாம வர்றது?"

"சொல்லாம வர்றதுக்குத்தான வாப்பா ரெண்டு தடவ பரீட்ச எழுதுனேன்" என்றாள்.

நான் பையை வாங்கிக்கொண்டு வழியை விட்டேன். உள்ளேயிருந்து மனைவி, யாரது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகளே செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.