சீர்த்தட்டோடு நின்ற வாசல்

போன ஆவணியில் என் அக்கா மகளுக்குத் திருத்தணி மலைமேல் கல்யாணம். நான் தாய்மாமன், பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறேன். மலையடிவாரத்தில் அந்தக் காலத்து ஜவுளி வியாபாரி ஒருவர் கட்டிய மாளிகையை இப்போது பாரம்பரிய ஓட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் சென்னைக்காரர்கள். தங்கினால் அங்கேதான் என்று ஒற்றைக் காலில் நின்றதால், அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் பாவா, ஓட்டல் மொத்தத்தையும் பிடித்துவிட்டார்.

முன்கூட்டியே வந்துவிடச் சொன்னாள் அக்கா. போனேன். கட்டிப்பிடிக்க முடியாத தேக்குத் தூண்கள், கண்ணாடி போல வழவழவென்று சுவர். வாசலில் பட்டுச்சேலை கட்டிய பெண் ஒருத்தி எனக்கு ஆரத்தி சுற்றி, சந்தனம் வைத்து, "வெல்கம் சார்" என்றாள். ஒரே கூச்சம் எனக்கு. எங்கள் ஊர்த் துணியை விற்றுக் கட்டின வீடுதானே, நமக்கும் இதில் நாலு செங்கல் பாத்தியதை இருக்கும் என்று சிரித்துக்கொண்டே மெத்தையில் விழுந்தேன். பொய் சொல்வானேன், நன்றாகவே தூங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் சீர். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் பம்பை அடித்துக்கொண்டு வர வேண்டும். கூடப்பிறந்தவள் தலைவாசலுக்கு வந்து, ஆரத்தி எடுத்து, "வாடா தம்பி" என்று கூப்பிட்ட பிறகுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். அவள் கூப்பிடாமல் உள்ளே போனால் அது சீர் இல்லை, பார்சல். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் இன்று நான்தான். அவள் என்னை எதிர்கொண்டு அழைக்கப்போகும் அந்த நிமிஷத்தைத்தான் நானும் என் வீட்டுக்காரியும் மாசக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம்.

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். நானும் தெருமுனைக்குப் போய் முகூர்த்தப் பட்டு வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டேன். பம்பை முழங்க கேட்டுக்கு வந்தால், மேனேஜர் குறுக்கே நின்றார்.

"மேளம் வேணாம் சார். முன் ஹால்ல மாப்பிள வீட்டுக்காரங்க போட்டோ எடுத்துகினு இருக்காங்க. நீங்க சைடு வழியா வந்துடுங்க."

சைடு வழி என்பது சமையலறைக்குக் காய்கறி மூட்டை இறக்கும் வழி. ஆரத்தி எடுக்க வேண்டும் என்றேன். பழைய காலத்துத் தரை, மஞ்சள் தண்ணீர் பட்டால் கறை போகாதாம். அப்போ நேற்று எனக்குச் சுற்றினீர்களே என்று கேட்டால், அது வெறும் பூ வைத்த தட்டாம். அடப்பாவிகளா!

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"டேய், பிரச்சன பண்ணாதடா. சைடுல வந்துடு. இவங்கல்லாம் பாத்துகினு இருக்காங்க."

"ஆரத்திகூட வேணாங்கா. வாசலுக்கு வந்து ஒரு வார்த்த வான்னு கூப்புடு, போதும்."

வைத்துவிட்டாள். என் வீட்டுக்காரி முகத்தை நான் பார்க்கவில்லை. பெரியப்பா மகன், "தட்டயெல்லாம் வேன்ல ஏத்துங்கடா, போலாம்" என்று குதித்தான். போயிருக்கலாம். ஆனால் விடிந்தால் அந்தக் குழந்தைக்கு மாலை எடுத்துக் கொடுக்க நான் வேண்டுமே. போகவும் மனசில்லை, உள்ளே நுழையவும் கால் வரவில்லை. பம்பைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அவமானத்தில் எனக்குக் காது அடைத்துப்போனது.

எதிரே தேங்காய்க் கடையில் மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய ஓர் அம்மா நின்றிருந்தார். ஆந்திராவிலிருந்து சாமி கும்பிட வந்தவர். பம்பைக்காரரிடம் விசாரித்து, சீருக்கு ஆரத்தி எடுக்க ஆளில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டவர், கடைக்காரரிடம் ஒரு தட்டு வாங்கினார். தண்ணீர் ஊற்றி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டு நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"ரா தம்முடு" என்றார். வா தம்பி என்று.

பொறுமையாகச் சுற்றினார். நெற்றியில் பொட்டு வைத்தார். என் வீட்டுக்காரிக்கும் வைத்தார். அவள் உடைந்து அழுதுவிட்டாள். ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு வந்த அந்த அம்மா, என்னைப் பார்த்துப் பரிதாபமாகக் கேட்டார்.

"நீக்கு அக்க லேதா?"

உனக்கு அக்கா இல்லையா என்று. எங்கள் ஊரில் தெலுங்கு தெரியாதவன் யார்? யோசிக்கவே இல்லை நான்.

"லேதம்மா."

சொல்லிவிட்டுத் திரும்பினால், கேட்டுக்கு உள்ளே அக்கா நிற்கிறாள். சைடு வழியாக எங்களைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள். அவளுக்கும் தெலுங்கு தெரியும். முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

நாங்கள் சைடு வழியாகவே உள்ளே போனோம். மறுநாள் மலையில் நான் மாலை எடுத்துக் கொடுத்தேன், கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இன்றைக்கும் அக்காவும் நானும் போனில் பேசிக்கொள்கிறோம். மழை, கரண்டு, பிள்ளைகள் என்று எல்லாம் பேசுகிறோம், அதை மட்டும் இரண்டு பேரும் தொடுவதில்லை. கூடப்பிறந்தவள் உயிரோடு இருக்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்று சில சமயம் நினைத்துப் பார்ப்பேன். அன்றைக்கு அந்த வாசலில் அது பொய் இல்லை என்பதுதான் இன்னும் கசக்கிறது.