நீலப் பெயிண்டுக்கு அடியில்

வெர்னா டோம்பெக்குக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள், பல்லைத்தான் பார்ப்பாள். இருபத்தாறு வருடம் பீங்கான் பல் செய்து பிழைத்தவள், பின்னே எப்படி இருப்பாள்? மிஷிகனில், போன்டியாக் நகரத்தின் பாதி வாய்களில் அவள் கைவேலை இருந்தது. ஆனால் எது அவள் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளை வெளேரென்று பல் செய்து தரச் சொல்லும் டாக்டர்களிடம் அவள் சண்டை போடுவாள். பக்கத்துப் பல்லில் காபிக் கறை இருந்தால் புதுப் பல்லிலும் கறை வைப்பாள். மயிரிழை விரிசல் இருந்தால் அதையும் வரைவாள்.

ஐம்பத்தெட்டு வயதில் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தாள். நாலாவது நாளே அவளுக்குச் சலித்துப்போயிற்று. அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு ரஸ் ஹெய்க்கினன் ஒரு அலுமினிய வார்ப்பைத் தூக்கிக்கொண்டு அவள் சமையலறைக்குள் வந்தார். இன்ஜினின் தலையில் உட்கார்ந்து, காற்றையும் பெட்ரோலையும் எட்டு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டு அது.

"வெர்னா, கம்பெனி போட்டது இரும்பு. இது அலுமினியம். எடை பாதிகூட இல்ல, உள்ளே காத்து நல்லாப் போகும். ஆனா நான் ஓட்டுற பந்தயத்துல பானெட்டைத் தூக்கினா எல்லாமே கம்பெனியில இருந்து வந்த மாதிரி இருக்கணும். உள்ளே என்ன வேணும்னாலும் வெச்சுக்கலாம். நீ பொய்ப் பல்லு பண்ணினவதானே, இதை இரும்பு மாதிரி ஆக்கிக் குடேன்."

"நிஜ இரும்பு ஒண்ணு கொண்டு வா. பாக்காம ஒண்ணும் பண்ண மாட்டேன்."

அவர் கொண்டு வந்ததை இரண்டு நாள் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். இரும்பு வார்ப்பின் மேலே மணல் அச்சின் பொரிப்பொரியான தடம் இருந்தது. பெயிண்டும் ஒரே சீராக இல்லை. அன்றைக்குத் தொழிற்சாலையில் பெயிண்ட் தெளிக்கும் துப்பாக்கியைப் பிடித்தவன் அவசரத்தில் அடித்திருக்கிறான். முன்பக்கம் தடிமன், பின்பக்கம் சும்மா ஒரு தூவல், ஒரு மூலையில் ஒன்றுமே இல்லை. வெர்னாவுக்கு அந்த முகம் தெரியாத ஆளின் அலட்சியம் மிகவும் பிடித்துப்போயிற்று. பிசினில் இரும்புப் பொடி கலந்து, கடற்பஞ்சால் ஒற்றி ஒற்றி அலுமினியத்துக்கு மணல் தோல் போட்டாள். இரும்பில் புடைத்திருந்த வார்ப்பு எண்களையும் பல் செதுக்கும் கத்தியால் எழுப்பினாள். அந்த ஆள் விட்ட மூலையை அவளும் விட்டாள். பந்தயத்தில் ஒருவர் சந்தேகப்பட்டுக் காந்தம் வைத்துப் பார்த்தார். இரும்புப் பொடியின் புண்ணியத்தில் காந்தம் மெல்ல ஒட்டி நின்றது. அதற்குப் பிறகு வெர்னாவின் கார் ஷெட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். செய்யும் ஒவ்வொன்றின் அடியிலும் அவள் சின்னதாக ஒரு எழுத்து பொறித்துவிடுவாள். "வாங்குறவனுக்கு இது பொய்ப் பல்லுன்னு தெரியணும். அவன் மறைச்சா அது அவன் பாடு" என்பாள்.

லெமுவெல் கெயின்ஸ் வந்தது மூன்றாவது வருடம், மே மாதத்தில். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையை இஸ்திரி போடாமல் வெளியே கிளம்ப மாட்டார். காலமாகிவிட்ட அவர் அப்பா வால்டர் 1967-ல் புதிதாக வாங்கிய, ஊர்ப் பெயரையே கொண்ட போன்டியாக் காரை அவர்தான் வைத்திருந்தார். மேனிஃபோல்டில் தண்ணீர் போகும் பாதையருகே விரிசல் விட்டுக் கசிந்துகொண்டிருந்தது.

"அலுமினியம் கிலுமினியம்னு பேச்சே வேண்டாம்" என்றார் வந்ததுமே. "இதே இரும்பை ஒட்ட வெச்சு, ஒட்டினதே தெரியாம பண்ணிக் குடுங்க. எங்க அப்பா இன்ஜின் தொழிற்சாலையில முப்பத்தோரு வருஷம் வேலை பாத்தவர். இன்ஜினியருங்க யோசிச்சுப் போட்டதை நாம நோண்டக் கூடாதும்பார். முந்நூத்தி இருபத்தாறு கன அங்குல இன்ஜின். சின்னதுதான். ஆனா என்ன இழுப்பு தெரியுமா? அப்பா தொழிற்சாலை வாசல்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்."

வேலியோரம் நின்ற ரஸ்ஸுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "லெமுவெல், அதையெல்லாம் கழட்டிட்டு உள்ளே நல்லதாப் போடலாம்யா. வெளியே ஒரு போல்ட்டுகூட மாறாது."

"வெளியே மாறாம உள்ளே மாத்தினா அதுக்குப் பேரு என்ன?"

"பந்தயம்" என்றார் ரஸ்.

"எங்க சர்ச்சுல அதுக்கு வேற பேரு."

வெர்னா இரண்டு பேரையும் துரத்திவிட்டு வேலையில் இறங்கினாள். ஒட்டிய இடம் மற்றதோடு சேர வேண்டும் என்றால் இன்ஜினின் மூல நிறம் என்னவென்று தெரிந்தாக வேண்டும். இன்ஜினின் முன்பக்கத்தில், எண் பொறித்திருக்கும் இடத்தருகே, பஞ்சில் கரைப்பானைத் தொட்டுத் துடைத்தாள். மேலே இருந்த நீலம் கரைந்தது. அது துப்பாக்கியால் அடித்த பெயிண்ட் இல்லை. தூரிகையின் மயிர்க்கோடுகள் தெரிந்தன. யாரோ கையால் பூசியிருக்கிறார்கள்.

இன்னும் துடைத்தாள். பொறித்த எண்ணுக்குக் கீழே, இன்ஜின் எந்த வகை என்று சொல்லும் இரண்டு எழுத்து இருக்க வேண்டிய இடம் மழமழவென்று இருந்தது. நகத்தால் தட்டிப் பார்த்தாள், சத்தம் வேறாக வந்தது. இருபத்தாறு வருடம் கேட்ட சத்தம் அது. அடைத்த பல்.

"யாரு உனக்கு அடைச்சு விட்டது?" என்று இன்ஜினிடமே கேட்டாள்.

கருவிப்பெட்டியிலிருந்து மெல்லிய கொக்கியை எடுத்து, அடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினாள். இரண்டு எழுத்தும் துலங்கியதும் ரஸ்ஸைக் கூப்பிட்டாள். அவர் எண்ணெய்க் கறை படிந்த தன் புத்தகத்தில் விரலை ஓட்டி, இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது முந்நூத்தி இருபத்தாறு இல்ல. நானூத்தி இருபத்தெட்டு. 68-ல பெரிய பெரிய கப்பல் வண்டியில போட்ட இன்ஜின். வெளியே பாத்தா ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான். அந்தக் கம்பெனிக்காரன் சின்னதுக்கும் பெரிசுக்கும் ஒரே உடம்பு குடுத்திருந்தான்."

லெமுவெல் வந்து பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மூக்குக் கண்ணாடியால் வந்த கோளாறாக அது இல்லை.

"அப்பா இதைத் தொட விட்டிருக்கவே மாட்டார். எங்களையே பானெட் பக்கம் சேர்க்க மாட்டார்."

"வீட்ல வேற யாரு ஓட்டுவாங்க?" என்று கேட்டாள் வெர்னா.

"அம்மா. ராத்திரி டியூட்டிக்கு எடுத்துக்கிட்டுப் போவாங்க. நர்ஸ்."

வெர்னா கரைப்பான் பாட்டிலை மூடினாள். அவளுக்குக் கை குறுகுறுத்தது. "உங்க அம்மாவைப் பாக்கணுமே."

எர்னஸ்டீன் கெயின்ஸுக்கு எண்பத்திரண்டு வயது. தனியாக, மகன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். பீச் பழத்தின் மேல் மாவு போட்டுச் சுட்ட காப்ளரை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, வந்தவர்களை உட்காரச் சொன்னார். லெமுவெல் சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தார். அம்மா பாதியில் நிறுத்தினார். "எழுத்தைக் கண்டுபிடிச்சிட்டீங்களா? அதை அடைச்ச ஆளு கெட்டிக்காரன்னு நினைச்சேனே."

"அம்மா."

"என்ன அம்மா? எழுபத்தி நாலுல உங்க தாத்தாவுக்கு முடியலைன்னு உங்கப்பா அலபாமா போனாரு. ஆறு வாரம். எண்ணெய் பாக்கணும்னு எனக்கு ஞாபகமே வரலை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போற வழியில உள்ளே டமடமன்னு அடிச்சு நின்னுபோச்சு. இனி இது ஆகாதுன்னுட்டாங்க. என்கூட வேலை பாத்த ஒருத்தியோட அண்ணன்கிட்ட அடிபட்ட வண்டியோட இன்ஜின் ஒண்ணு இருந்துது. அவன், சின்னதாத் தேடிப் போடணும்னா ஒரு மாசம் ஆகும், இது பெருசு, நாளைக்கே போட்டுடறேன், வெளியே ஒண்ணும் தெரியாதுன்னான்."

"நீ பெருசைப் போடச் சொன்னே."

"டேய், நெடுஞ்சாலையில ஏறும்போது பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சு உன்னைக் கதிகலங்க வெச்சிருக்கானா? என்னை ஏழு வருஷம் வெச்சான். போடுன்னேன்." எர்னஸ்டீன் கரண்டியால் காப்ளரை வெட்டினார். "உங்கப்பா ஊர்லேந்து வந்து முதல் நாள் ஓட்டிட்டு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'பாத்தியா எர்னஸ்டீன், ஒழுங்கா வெச்சுக்கிட்டா இன்ஜின் வயசாக ஆக நல்லாத்தான் ஆகும்.'"

வெர்னாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. லெமுவெல் சிரிக்கவில்லை. அப்பா வாசலில் நின்று பெருமை பேசியதெல்லாம் அவர் காதில் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

"அப்போ எப்பவும் நல்லா ஓடிச்சா?" வெர்னா கேட்டாள்.

"முதல்ல கொஞ்சம் மூச்சு முட்டும், பொண்ணே. வேகமா மிதிச்சா திணறும். அடுத்த வசந்தத்துல அதுவே சரியாயிடுச்சு."

அந்தக் கடைசி வார்த்தை வெர்னாவின் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. எந்தப் பல்லும் அதுவாகச் சரியாகி அவள் பார்த்ததில்லை.

அடுத்த மூன்று வாரம் லெமுவெல் தூக்கம் கெட்டு அலைந்தார். ஒரு நாள் வந்து, பழைய சரியான முந்நூற்று இருபத்தாறு ஒன்றைத் தேடிப் போட்டுவிடுகிறேன், அப்பா வாங்கினபடியே இருக்கட்டும் என்றார். மறுநாள், நாற்பது வருடம் ஓடிய இன்ஜினைத் தூக்கிவிட்டு யாரோ ஒருவனுடைய இன்ஜினை வைத்தால் அது மட்டும் அப்பாவுடையதாகிவிடுமா என்றார். ரஸ் தன் பங்குக்கு, அம்மாவே ஆரம்பித்துவிட்ட வேலையை, உள்ளே நல்லதாகப் போட்டு முடித்துவிடலாமே என்றார். ஒட்டிய மேனிஃபோல்டோ சூடேற்றிப் பார்த்ததும் மறுபடி விரிந்தது. ஆகஸ்டில் பெரிய அவென்யூவில் பழைய கார்கள் காட்சிக்குக் கூடும் வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வெர்னா இதற்கிடையில் கார்புரேட்டரைக் கழற்றினாள். அவளிடம் யாரும் கழற்றச் சொல்லவில்லை. அது பழைய சின்ன இன்ஜினுடையதுதான். வெளியே தெரியக் கூடாதென்று அந்த ஆள் அதையே மாட்டியிருக்கிறான். உள்ளே பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரஸ்ஸிடம் நீட்டினாள்.

"கம்பெனி போட்டதைவிட ரெண்டு அளவு பெருசு" என்றார் ரஸ். "பெரிய இன்ஜினுக்குப் பெட்ரோல் பத்தலைன்னு தெரிஞ்சவன்தான் இதை மாத்துவான்."

லெமுவெலையும் அவர் அம்மாவையும் வரச் சொன்னாள். எர்னஸ்டீன் கார் ஷெட்டில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையில் அந்தப் பித்தளைத் துண்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்புரேட்டரை வண்டி வாங்கினதிலேருந்து யாரு கழட்டுவாங்க, அம்மா?" என்று வெர்னா கேட்டாள்.

"அவருதான். ஒவ்வொரு வசந்தத்துலயும். சமையல் மேஜையில பேப்பரை விரிச்சு, ஒண்ணொண்ணா அடுக்கி." சொல்லிவிட்டு நிறுத்தினார். பித்தளைத் துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்பாவுக்கு முதல் வசந்தத்துலயே தெரிஞ்சிருக்கு" என்றார் லெமுவெல் மெதுவாக.

"முப்பத்தி நாலு வருஷம்" என்றார் எர்னஸ்டீன். "என் முன்னாடியேதான் எல்லார்கிட்டயும் சொல்லுவாரு, சின்ன இன்ஜின்தான், என்ன இழுப்புன்னு. சொல்லிட்டு என்னைத் திரும்பிப் பாப்பாரு. நான் முகத்தை மாத்தாம நிப்பேன்." அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று வெர்னா எழுந்தாள். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. "கள்ளப்பய. நான் அவரை ஏமாத்தறேன்னு நினைச்சு எத்தனை நாள் ஜெபம் பண்ணியிருக்கேன்."

லெமுவெல் தீர்மானித்தது அந்த இடத்தில்தான். "வெர்னா, அலுமினியமே போடுங்க. அதுக்கு இரும்புத் தோல் போடுங்க. வெளியே அப்பா விட்டது மாதிரி, உள்ளே அம்மா கேட்டது மாதிரி. வால்வைத் திறக்கிற கேம்ஷாஃப்ட்டும் மாத்திடலாம், இன்னும் இழுக்கட்டும்."

"பந்தயமா?" ரஸ் எழுந்தே நின்றுவிட்டார்.

"பந்தயமெல்லாம் இல்ல. ஆனா யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிடுவேன்."

வெர்னா பதினோரு நாள் உழைத்தாள். இந்தத் தடவை தொழிற்சாலை ஆளின் துப்பாக்கிக் கோடுகளைப் போடவில்லை. இந்த இன்ஜினின் நிறம் எர்னஸ்டீனின் ஆள் தூரிகையால் பூசியதுதானே. அதனால் மட்டமான தூரிகை ஒன்றைத் தேடி வாங்கி, ஒரு மயிர் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும்படி பூசினாள். அது எத்தனை கஷ்டம் என்று செய்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அலட்சியமான ஆளைக் காப்பியடிப்பது சுலபம். அலட்சியமான ஆளைப் போல நடிக்க முயன்றவனைக் காப்பியடிக்க இரண்டு மடங்கு நேரம் பிடித்தது.

ஆகஸ்டில் அவென்யூவை ஒட்டிய மைதானத்தில், மாற்றம் செய்த கார்களின் வரிசையில் லெமுவெல் காரை நிறுத்தினார். பக்கத்தில் குரோம் பூசிய இன்ஜின்கள் பளபளத்தன. அட்டையும் பேனாவுமாக வந்த நடுவர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"ஐயா, நீங்க தப்பான வரிசையில நிறுத்தியிருக்கீங்க. இது மூலப்படி இருக்கிற வண்டி. அந்தப் பக்கம் போங்க, பரிசுகூடக் கிடைக்கலாம்."

"இல்லீங்க. சரியான வரிசைதான்" என்றார் லெமுவெல்.

"எல்லாமே கம்பெனிச் சரக்காத்தானே தெரியுது?"

நாற்காலியிலிருந்து எர்னஸ்டீன் குரல் கொடுத்தார். "தம்பி, என்கிட்ட நேரம் இருக்கு. உனக்கு இருந்தா உக்காரு, சொல்றேன்."

நடுவர் உட்கார்ந்தார். இருபது நிமிடம் கழித்து எழுந்து போனபோது அட்டையில் ஒன்றும் எழுதாமல் போனார். திரும்பி வரும்போது இன்னும் இரண்டு நடுவர்களைக் கூட்டி வந்தார். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. குரோம் வண்டிக்குத்தான் போயிற்று.

மதியத்துக்கு மேல் ரஸ்ஸும் லெமுவெலும் சாப்பாடு வாங்க வரிசையில் நின்றார்கள். எர்னஸ்டீன் வெர்னாவின் கையைத் தட்டினார்.

"சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"அம்மா, உங்க பிள்ளை என்னைக் கொன்னுடுவாரு."

"லைசென்ஸ் இருக்கு, பொண்ணே. ஜூன்லதான் கண்ணு பாத்துக் குடுத்தாங்க. சும்மா ஒரு ரவுண்டு."

அவர் இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருத்தி, அவசரமில்லாமல் கிளம்பினார். மூன்று தெரு தள்ளி நெடுஞ்சாலைக்கு ஏறும் சரிவு வந்ததும் ஒன்றும் சொல்லாமல் மிதித்தார். வெர்னாவின் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. இத்தனை வருடம் அவள் வெளித்தோலை மட்டுமே செய்துகொண்டிருந்தாள். உள்ளே இருப்பது என்ன செய்யும் என்பதை அன்றைக்குத்தான் உடம்பால் தெரிந்துகொண்டாள்.

"திணறுதா?" என்று எர்னஸ்டீன் சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இல்லம்மா. கொஞ்சங்கூட இல்ல."

"நல்லது" என்றார் எர்னஸ்டீன். அடுத்த இறக்கத்தில் இறங்கி, கஸ்டர்ட் ஐஸ்கிரீம் விற்கும் கடை வாசலில் காரை நிறுத்தி, தனக்கு வெனிலா வாங்கி வரச் சொன்னார்.