முன்னி பேகத்தின் விசில்

சாலையில் நம் ஊர்க்காரர்கள் வண்டி ஓட்டுகிற அழகைப் பார்த்தவர்கள், இவர்கள் கையில் படகைக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷமாவது யோசிப்பார்கள். முருகையன் யோசிக்கவில்லை. திருவண்ணாமலைக்கு வெளியே, வேங்கிக்காலைத் தாண்டி இருக்கும் எங்கள் ஏரியைக் குத்தகைக்கு எடுத்தான். காலால் மிதித்து ஓட்டும் பெடல் படகுகள் பன்னிரண்டை இறக்கினான். கரையில் ஒரு தகரக் கூரை போட்டு, 'படகு சவாரி' என்று பலகையும் மாட்டிவிட்டான். முதல் ஞாயிற்றுக்கிழமையே பன்னிரண்டு படகும் ஏரி நடுவில் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. வழிவிட ஒருவருக்கும் மனசில்லை. ஹாரன் இல்லாத குறையை எல்லோரும் வாயால் தீர்த்துக்கொண்டார்கள்.

என் பெயர் அருணகிரி. நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்தே முப்பத்திரண்டு வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஏரிக்கரையில் காலையும் மாலையும் நடக்கச் சொன்னது டாக்டர். நடக்கும்போது கண்ணில் பட்டதையெல்லாம் குறை சொல்வது நானாகச் சேர்த்துக்கொண்ட வைத்தியம். அந்தக் கரையில்தான் முன்னி பேகத்தைப் பார்த்தேன்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். பிறந்தது கீழ்பென்னாத்தூர், வாழ்க்கைப்பட்டது திருவண்ணாமலை. கணவர் நூருல்லா பஸ், வேன் சீட்டுகளுக்கு உறை தைப்பவர். அவர் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து இருபது வருஷம் ரெக்சின் தைத்த கை முன்னியுடையது. முருகையன் எங்கிருந்தோ பழைய லைஃப் ஜாக்கெட் நாற்பது வாங்கி வந்திருந்தான். பாதிக்கு மேல் வார் அறுந்தது, கொக்கி உடைந்தது. அவற்றைத் தைத்துக் கொடுக்க இரண்டு நாள் வேலையாகத்தான் முன்னி ஏரிக்கு வந்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம், வாரைக் கட்டாமல் ஜாக்கெட்டைச் சும்மா தோளில் போட்டுக்கொண்டு ஒரு குடும்பம் படகேறப் போனது. முன்னி ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நில்லுங்க! நான் கண்ணு வலிக்கத் தெச்சது தோள்ல தொங்கப் போடறதுக்கா? மாட்டிட்டு ஏறுங்க."

அந்தக் குரல் எதிர்க்கரை வரைக்கும் போனது. தண்ணீரில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு படகுகள்கூடச் சண்டையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தன. முருகையன் அன்றைக்கே அவர் கையில் ஒரு விசிலைக் கொடுத்தான்.

அப்புறம் ஏரிக்கு ஒரு ஒழுங்கு வந்தது. ஏறுகிற ஒவ்வொருவரின் மார்பு வாரையும் முன்னி ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். கலெக்டர் ஆபீஸ் ஆளானாலும் சரி, கைக்குழந்தையானாலும் சரி, அந்த இழுப்பு உண்டு. விசிலை ஒரு தடவை ஊதினால் நிற்க வேண்டும், இரண்டு தடவை என்றால் ஒதுங்க வேண்டும், மூன்று என்றால் கரைக்குத் திரும்ப வேண்டும். வழி நடுவில் படகை நிறுத்தி செல்ஃபி எடுப்பவர்களுக்கு விசில் போதாது.

"ஆறாம் நம்பர்! மூஞ்சி எங்கயும் போயிடாது, கரைக்கு வந்து எடுத்துக்க. பின்னால நாலு வண்டி நிக்குது பாரு!"

அவருக்குப் படகும் வண்டிதான். இதைக் கேட்டுக் கோபப்பட்டவர்களை நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள்.

ஒருநாள் என்னிடம் சொன்னார். "கல்யாணம் அப்பா பண்ணி வெச்சது சார். தையல் வீட்டுக்காரரு சொல்லித் தந்தது. இந்த விசில் மட்டும்தான் நானா சம்பாரிச்சது." சொல்லும்போது அதைத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலை அவருக்குச் சம்பளத்துக்கும் மேலே என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும்தான் பின்னால் அப்படி நடந்துகொண்டேன்.

ஏரி நடுவில் கருவேல மரங்கள் அடர்ந்த ஒரு மண் திட்டு உண்டு. அதைச் சுற்றி வருவதுதான் சவாரி. படகுகள் இஷ்டத்துக்குச் சுற்றி எதிரும் புதிருமாக முட்டிக்கொள்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நீரில் எதிரெதிரே வரும் படகுகள் தத்தம் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது உலக வழக்கம் என்று எங்கோ படித்திருந்தேன். அதை வைத்து ஒரு வழித்தடம் வரைந்தேன். கரையிலிருந்து கிளம்பி வலப்பக்கமாகப் போக வேண்டும். திட்டை இடது கைப்பக்கம் விட்டுச் சுற்றி, இடப்பக்கமாகக் கரைக்கு வந்து சேர வேண்டும். ஒரே திசை, ஒரே ஒழுங்கு. வண்ணப் பென்சிலில் அம்புக்குறியெல்லாம் போட்டு முன்னியிடம் கொடுத்தேன். முருகையன் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தலைகாட்டுபவன். அவன் கண்ணில் அந்தப் படம் படவே இல்லை. முன்னியே பலகையில் சிவப்பு அம்பு வரைந்து, மூங்கில் நட்டு, நான் சொன்ன இடங்களில் வைத்தார்.

முட்டல் குறையும் என்று பார்த்தால் ஜாஸ்தியானது. வெளியூர்க்காரர்கள் அம்பைப் பார்த்துப் போனார்கள். உள்ளூர்க்காரர்கள் அம்பையும் பார்த்தார்கள், முன்னியையும் பார்த்தார்கள், பிறகு எதிர்ப்பக்கமாகவே போனார்கள். திட்டின் பின்புறம் கரையிலிருந்து தெரியாது. விசில் எட்டும், கண் எட்டாது. முட்டல் எல்லாம் அங்கேதான் நடந்தது.

"சார், வழியிலயே ஏதாவது கோளாறு இருக்குமா?" என்று முன்னி என்னைக் கேட்டார். "கிளம்பினதுமே எல்லார் படகும் தானா இடது பக்கம் திரும்புது. வேணும்னு பண்ற மாதிரி தெரியல."

"உலகம் பூரா இதுதாம்மா வழக்கம். ஜனங்களுக்குத்தான் ஒழுங்கு தெரியல. நீ இன்னும் கண்டிஷனா விசில் ஊதணும்."

அதோடு விட்டேனா? அடுத்த ஞாயிறு முருகையனிடம், "விசில் ஊதுற ஆள் சரியில்லப்பா, கொஞ்சம் கவனி" என்றேன். என் படத்தில் தப்பு இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வதைவிட அது சுலபமாக இருந்தது. முருகையன் முன்னியைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை படகு முட்டினால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டான். அவன் சொல்லும்போது முன்னி தலையை மட்டும் ஆட்டினார். யார் பற்றவைத்த நெருப்பு என்று கேட்கவில்லை.

பௌர்ணமிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிரிவலம் வந்த கூட்டத்தில் பாதி ஊரில்தான் இருந்தது. பத்து மணிக்கே பன்னிரண்டு படகும் தண்ணீரில். உமாமகேஸ்வரன், ஹைமவதி என்று ஒரு தம்பதி மூன்றாம் நம்பர் படகில் ஏறினார்கள். அவர் பெரிய கோயில் குருக்கள், அன்றைக்கு முறை இல்லாததால் மனைவியோடு வந்திருந்தார். முன்னி இரண்டு பேர் வாரையும் இழுத்துப் பார்த்துவிட்டு, வலப்பக்கம் கையைக் காட்டினார். உமாமகேஸ்வரன் சரி என்று தலையாட்டிவிட்டு இடப்பக்கம் போனார். முன்னி விசிலை மூன்று தடவை ஊதினார். அவர் திரும்பிப் பார்த்து, ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல் கையைக் காட்டிவிட்டு, திட்டுக்குப் பின்னால் மறைந்தார்.

அந்தப் பக்கம் வெளியூர்ப் பையன்கள் நாலு பேர் அம்பு காட்டிய வழியில் வேகமாக மிதித்து வந்துகொண்டிருந்தார்கள். ஹைமவதி போட்டோ எடுக்க எழுந்து நின்றிருந்தார். டமார் என்ற சத்தமும் ஒரு அலறலும் கரைக்குக் கேட்டன.

முன்னி யாரையும் கூப்பிடவில்லை. கரையில் கட்டியிருந்த துடுப்புப் படகை அவிழ்த்துக்கொண்டு தானே போனார். பத்து நிமிஷத்தில் ஹைமவதியை அதில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார். தலை முதல் கால் வரை ஈரம், முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஜாக்கெட் வார் அறாமல் தாங்கியிருந்தது.

ஆனால் கரையில் கூட்டம் கூடிவிட்டது. அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கும் ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

"எதிர்ல மலை நிக்குது. அதப் பாத்துனு திட்ட இடது கைப் பக்கம் வெச்சி யாராவது சுத்துவாங்களா? இந்த ஊர்ல குழந்தைகூடச் சுத்தாது. அம்பு போட்டது யாரு? இந்தம்மாதானே? அவங்க வழக்கத்துக்கு மாத்திப் போட்டுனு இருக்காங்க, வேணும்னே!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலையை வலப்பக்கம் வைத்தே நடந்து பழகிய கால்கள் படகிலும் அப்படித்தான் மிதித்திருக்கின்றன. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், எத்தனையோ பௌர்ணமி கிரிவலம் போயிருக்கிறேன். எனக்குப் புத்தக வழக்கம் ஞாபகம் வந்தது, ஊர் வழக்கம் வரவில்லை. அதைவிடப் பெரிய கொடுமை, என் அசட்டுத்தனத்துக்கு முன்னியின் மதத்தைக் காரணமாக்கிவிட்டார்கள். கூட்டத்தில் நாலு பேர் "ஆமா" என்றார்கள்.

முருகையன் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, அம்ப வெச்சது யாரு?"

"நான்தான் வெச்சேன்" என்றார் முன்னி.

"யாரு சொல்லி வெச்சீங்க?"

முன்னி குனிந்து ஹைமவதியின் ஈர ஜாக்கெட்டின் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் ஆறடி தூரத்தில் நின்றேன். என் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை.

என் நிலைமையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னிடமிருந்து பறிபோக வேலை இல்லை, வேறு எதுவுமே இல்லை. 'அருணகிரி சார் போட்ட தப்பு' என்று நாளைக்கு நடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்களே என்று மட்டும்தான் பயந்தேன்.

"விசிலக் குடுத்துடுங்க அக்கா" என்றான் முருகையன்.

முன்னி கழுத்துக் கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கினார். அது துப்பட்டாவில் மாட்டிக்கொண்டது. அவர் நிதானமாக அதைப் பிரித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் ஊசி பிடித்த துணியில் ஒரு நூல்கூட இழுபடாமல் அதைப் பிரிப்பதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"முருகையா, நில்லு. அந்த வழிய வரஞ்சது நான். அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. தப்பா இருக்குமான்னு என்னக் கேட்டாங்க, நான்தான் வாய அடைச்சேன். உங்கிட்ட அவங்களப் பத்திச் சொன்னதும் பொய்."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியில் நான் பூசியிருந்த விபூதி அவருக்கு ரொம்ப இடைஞ்சலாக இருந்திருக்க வேண்டும். அதற்குள் படகை மிதித்துக் கரைசேர்ந்திருந்த உமாமகேஸ்வரன் முன்னால் வந்தார்.

"எம்மேலயும் தப்பு இருக்கு. அவங்க வழி காட்டினாங்க, விசில் ஊதினாங்க, எல்லாம் கேட்டுது. கால்தான் அந்தப் பக்கம் போகமாட்டேன்னுடுத்து. அவங்க இழுத்துக் கட்டலேன்னா இவ இப்ப இங்க உக்காந்திருக்க மாட்டா." முன்னியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. முருகையன் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டான். முன்னி விசிலை மறுபடியும் கழுத்தில் போட்டுக்கொண்டார். போட்டதும் முதல் வேலையாக ஆறாம் நம்பர் படகைப் பார்த்து இரண்டு தடவை ஊதினார்.

அன்று மதியமே அம்புகளைத் திருப்பி வைத்தோம். நான் பலகையைப் பிடித்துக்கொள்ள, அவர் கம்பி கட்டினார். அதற்குப் பிறகு நேருக்கு நேர் முட்டல் ஒன்றுகூட இல்லை. வெளியூர்க்காரர்கள் அம்பு எந்தப் பக்கம் காட்டினாலும் அதன் வழியே போகிறவர்கள்.

நாலு நாள் கழித்துத்தான் அவரோடு பேச எனக்குத் தைரியம் வந்தது. கூட்டம் கம்மியாக இருந்த ஒரு சாயங்காலம், பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏம்மா, என் பேரச் சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லல?"

"நீங்க அங்கதான நின்னுனு இருந்தீங்க சார். நான் வேற சொல்லணுமா?"

"நான் வாயே தொறக்காம இருந்திருந்தா?"

முன்னி ஒரு ஜாக்கெட்டை உதறிக் கொக்கியில் மாட்டினார். கோபம் இல்லை அவர் முகத்தில். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் வூட்டுக்குப் போயிருப்பேன் சார். நீங்கதான் தெனம் ரெண்டு வேளை இந்தக் கரையில நடக்கணும்."