கிருபாபாய் டீச்சரின் நைலக்ஸ் சேலை

சுந்தரபாண்டியம் பள்ளிக்கூடத்தில் கிருபாபாய் டீச்சரின் அறிவியல் பாடம் என்றால் பிள்ளைகள் ஒன்றுக்குக்கூட எழுந்து போக மாட்டார்கள். சீப்பைத் தலையில் நாலு இழுப்பு இழுத்துக் காகிதத் துணுக்குகளிடம் நீட்டுவார். அவை துள்ளி வந்து ஒட்டும். அப்புறம் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஊதா நிற நைலக்ஸ் என்கிற நைலான் சேலையைக் கம்பளித் துண்டால் தேய்த்து வெடுக்கென்று பிரிப்பார். படபடவென்று நீலப் பொறி தெறிக்கும்.

"ஏலே, காத்துல ஈரம் இருந்தா இது வராது. காஞ்ச நாளாப் பாத்துச் செய்யணும்" என்பார். முதல் வரிசையில் வாய் பிளந்து உட்கார்ந்திருப்பவள் பேச்சியம்மாள். அவள் அம்மா அழகுத்தாய் பட்டாசு ஆலையில் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்துகிறவள். அந்த மருந்துக்கு ஒரு பொறி போதும்.

அதனால்தான் மருந்தறைக்குள் நூல் சேலை தவிர வேறு துணி கூடாது. ஆயுதபூஜை அன்று மட்டும் எல்லாரும் புதுச் சேலையில் வருவார்கள், அது எந்தத் துணி என்று யாரும் பார்ப்பதில்லை. சாமி பெயரைச் சொல்லிவிட்டால் போர்மேனுக்கும் வாய் அடைத்துப்போகும். 1987இல் அழகுத்தாய்க்குப் புதுச் சேலைக்கு வழியில்லை. பாடத்துக்கு மட்டும் எடுத்து, உடம்பில் ஒட்டுகிறதென்று டீச்சர் ஒருநாளும் கட்டாத அந்த ஊதாச் சேலை பீரோவில் இருந்தது.

"கெட்டிக்கிட்டுப் போ தாயி, புதுசுதான்" என்று கொடுத்தார். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? வகுப்பில் பொறி காட்டிய புத்தி அந்த நிமிஷம் எங்கே போயிருந்தது என்று அவரால் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

பூஜை மதியத்துக்குமேல்தான். தீபாவளி நெருக்கடி, மிச்ச மருந்தைக் காலையிலேயே செலுத்திவிடச் சொன்னார்கள். மழை தள்ளிப்போன வருஷம், காற்று வறண்டு கிடந்தது. பத்து மணிக்கு அறை வெடித்தது. உள்ளே அழகுத்தாய் ஒருத்திதான்.

விசாரணையில் 'உராய்வு' என்று எழுதி முடித்தார்கள். டீச்சர் வாய் திறக்கவில்லை. சேலையைச் சொன்னால் பழியைச் செத்தவள் தலையிலேயே கட்டுவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதில் பாதி உண்மை, மீதி பயம்.

1996இல் ஓய்வு பெறும்வரை அந்தப் பாடத்தைப் புத்தகத்தைப் படித்துக் காட்டியே தள்ளினார். அதற்குக் காரணம் பேச்சியம்மாள்தான். அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் பள்ளிக்கூடம் வந்த அன்று, மனசு கேட்காமல் தனியே அழைத்து, கிளம்பும்போது அம்மா என்ன சொன்னாள் என்று டீச்சர் கேட்டிருந்தார்.

"நான் சொன்னேன் டீச்சர், இந்தச் சேலை பொறி விடும், கெட்டாதன்னு. 'ஏட்டி, டீச்சரு குடுத்த சேலை, அவியளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு'ன்னு வஞ்சுட்டுப் போச்சு."