பாலிக் ரேட்டு

சென்ற வாரம் வீடு மாறினேன். மலாக்காவுக்குள்ளேயே, தெங்கேராவிலிருந்து காஜா பெராங்குக்கு. தூரம் எவ்வளவு? சைக்கிளில் கிளம்பினால் வாயிலிருக்கும் சுருட்டு அணைவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அதற்கு லோரி கம்பெனி நீட்டிய பில் – இருபத்திரண்டு வெள்ளி.

பேசியது பன்னிரண்டு. ஏற்றி இறக்க இரண்டு ஆட்கள் உட்பட என்று பண்டார் ஹிலிரில் இருக்கும் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி தன் வாயால் சொன்னார். சாமான்கள் எல்லாம் இறங்கிய பிறகு டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்த பில்லில் வேறு கணக்கு இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல கேட்டுக்குங்க" என்றார்.

கொடுத்துத் தொலைத்தேன். தெருவில் கட்டிலும் கட்டியவளும் நிற்கும்போது யாரால் சண்டை போட முடியும்?

வெறும் பத்து வெள்ளி என்றால் வாய்க்குள் திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஆனால் பில்லின் தலையில் ஒரு சொல் எழுதியிருந்தது. 'பாலிக்'. மலாய்ச் சொல். அதாவது இந்தியாவுக்கு, ஊருக்குத் திரும்புகிற ஆள்... அதுதான் குத்தியது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்ததிலிருந்து எங்கள் ஆபீசில் யாரும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "எப்போ கப்பல்?" என்றுதான் கேட்கிறார்கள். மலாய்க்காரர் கேட்கிறார். சீனர் கேட்கிறார். எல்லாரையும்விட நம் ஆட்கள்தான் அதிகம் கேட்கிறார்கள்.

வீட்டிலும் அதே பாட்டுதான். என் மனைவி தனலெட்சுமியின் தாய் தகப்பன் நாகப்பட்டினம் பக்கம் இருக்கிறார்கள். "எல்லாரும் போறாங்க, நாம மட்டும் இங்க ஒக்காந்து என்ன செய்யப் போறோம்?" என்று ஒரு வருடம் அழுதாள். ஒரு வருடம் நானும் சமாதானம் சொன்னேன். கடைசியில் சேமிப்பை வழித்துப் போட்டு, காஜா பெராங்கில் தகரக் கூரை போட்ட பலகை வீடு ஒன்றை வாங்கினேன். பத்திரத்தை அவள் கையில் கொடுத்து, "இனிமே இதுதான் நம்ம ஊரு" என்றேன். அவள் மறுநாள் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தாள்.

இந்த நாட்டில்தான் இருக்கப் போகிறேன் என்பதற்கு நான் செய்த ஒரே காரியம் இந்த வீடு மாற்றம். அதன் பில்லிலேயே நான் போகிறேன் என்று எழுதினால் எப்படி இருக்கும்?

வீடு மாறிய மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு பண்டார் ஹிலிருக்குப் போனேன். கிராணியின் பெயர் தங்கவேலு. நம் ஆள்தான். அதனால் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

"பன்னெண்டுன்னு சொல்லிட்டு இருபத்திரண்டு வாங்கியிருக்கீங்களே, இது என்ன நியாயம்?"

பில்லை வாங்கிப் பார்த்தார். "பிண்டான்னா பன்னெண்டு அண்ணே. வீடு மாறுறது. பாலிக்னா இருபத்திரண்டு."

"நான் எங்க பாலிக் போறேன்? காஜா பெராங்குக்குத்தானே போனேன்?"

"வீட்டைக் காலி பண்ணிட்டு, கப்பல் வர்ற வரைக்கும் அங்கங்க தங்குறாங்கல்ல, அப்படின்னு டிரைவர் நெனச்சிட்டாரு. உங்க பெட்டியில எல்லாம் பெரிசா பேரு எழுதி நம்பர் போட்டிருந்துச்சாமே. ஊருக்குள்ள வீடு மாறுறவங்க பெட்டியில யாரு அண்ணே பேரு எழுதுவாங்க?"

நான் எழுதுவேன். நான்தான் எழுதினேன்.

என் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால் தெங்கேராவில் யார் கப்பலுக்குப் புறப்பட்டாலும் பலகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். கறுப்புப் பெயின்டில் பெயர், ஊர், பெட்டி நம்பர் எழுதிக் கொடுப்பேன். இந்த இரண்டு வருடத்தில் நாகப்பட்டினம் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்... சாமான் கட்டுவது என்றால் பெயர் எழுதுவது என்று என் கைக்குப் பழகிவிட்டது. கப்பலுக்கல்லாமல் வேறெதற்கும் எங்கள் ஆட்கள் பெட்டி கட்டி நான் பார்த்ததில்லை. என்னுடைய பெட்டிகளையும் தனலெட்சுமி கட்டக் கட்ட, நான் பிரஷ்ஷை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போயிருக்கிறேன்!

ஆனால் சண்டைக்குப் போனவன் தோற்றுத் திரும்புவானா?

"அப்படியே வச்சுக்குங்க. கப்பலுக்குப் போறவன் சாமான் மட்டும் கனமா இருக்குமா? எதுக்குப் பத்து வெள்ளி கூட?"

"கனமெல்லாம் ஒண்ணுதான். அவங்களுக்குப் பேரம் பேச நேரம் இருக்காது. திரும்பி வந்து சண்டை போடவும் மாட்டாங்க. அதான் அந்த ரேட்டு."

ஒளிவுமறைவே இல்லை. ஏதோ அரிசி விலை சொல்வதுபோல் சொன்னார்.

விட்டேனா? நம் சனத்தை நாமே இப்படி உரிக்கலாமா, போகிறவன் வயிற்றில் அடிக்கலாமா, மனசாட்சி என்று ஒன்று இல்லையா... அங்கே இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு பிரசங்கமே செய்தேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் தங்கவேலு கேட்டார்.

"டிரைவர் சொன்னாரு, உங்க சாமான்ல இருந்த அந்தக் கண்ணாடி வச்ச அலமாரி, பக்கத்து வீட்டு வேலாயுதம் அண்ணனோடதுதானே? அவரு கெளம்புன அன்னிக்கு நானும் லோரியில வந்திருந்தேன். எவ்வளவுக்கு எடுத்தீங்க?"

வேலாயுதம் தெங்கேராவில் ஒன்பது வருடம் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ஆறு மாதத்துக்கு முன் குடும்பத்தோடு கப்பலேறினார். அந்த அலமாரி தேக்கு. ஆள் உயரக் கண்ணாடி. சீனத் தச்சரிடம் சொல்லிச் செய்தது, நூறு வெள்ளிக்கு மேல் ஆனது என்று அவரே பெருமையாகச் சொன்னது உண்டு. புறப்படுகிற அன்று அறுபது கேட்டார். நான் இருபது என்றேன். அவர் மனைவி உள்ளே போய்விட்டாள். லோரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. "ஒண்ணும் அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன் நான்.

யோசிக்க அவருக்கு நேரம் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அன்று காலையில் அவருடைய பதினோரு பெட்டிகளிலும் பெயர் எழுதிக் கொடுத்தவனே நான்தானே. அதற்குக் காசு வாங்கவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

"இருபது" என்றேன்.

"அதுவும் பாலிக் ரேட்டுதான்" என்றார் தங்கவேலு. குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திருப்பித் திட்டியிருக்கலாம். பில்லில் இருந்த சொல்லை அடித்துவிட்டு மேலே 'பிண்டா' என்று எழுதினார். மேசை டிராயரிலிருந்து பத்து வெள்ளி நோட்டை எடுத்து நீட்டினார்.

வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தேன் என்று எழுதினால் இந்தப் பத்திக்கு அழகாக இருக்கும். வாங்கிக்கொண்டேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீடு வந்தால், தனலெட்சுமியோடு பக்கத்து வீட்டு அம்மாள் நின்றிருந்தார். மலாக்கா செட்டிக் குடும்பம். பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். புதிதாக வந்தவர்களுக்கென்று ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொண்டு வந்திருந்தார். நல்ல மனசு. வாசலில் இன்னும் பிரிக்காத பெட்டிகள், என் அழகான கையெழுத்தைக் காட்டிக்கொண்டு அடுக்கியிருந்தன. அந்த அம்மாள் அவற்றைப் பார்த்தார். உள்ளே இருந்த அலமாரியைப் பார்த்தார்.

"பாலிக் இந்தியா கா?" என்றார் இரக்கத்தோடு. ஊருக்குத் திரும்புகிறீர்களா?

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி. "அல்மாரி மாவ் ஜுவால் கா?" விற்பதாக இருந்தால் சொல்லுங்கள், மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம் என்று விளக்கினார்.

தனலெட்சுமி என் முகத்தையே பார்த்தாள். நாங்கள் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கப் போகிறோம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் இரண்டு முறை சொன்னேன். அந்த அம்மாள் தலையாட்டினாரே தவிர, நம்பிய மாதிரித் தெரியவில்லை. மனசு மாறினால் கூப்பிடுங்கள் என்று விலையையும் சொல்லிவிட்டுப் போனார்.

தனலெட்சுமி உள்ளே போனாள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு வந்து, முதல் பெட்டியின் முன் உட்கார்ந்து, என் பெயரை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.

அந்த அம்மாள் சொன்ன விலை இருபத்தைந்து வெள்ளி – நான் கொடுத்ததைவிட ஐந்து வெள்ளி அதிகம்.