கப்பல் கேப்டனுக்குப் பிடித்த அக்கா

அக்காவின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் சூரியனே எந்தப் பக்கம் உதிப்பது என்று முடிவு செய்யும். உலகத்துக் கடிகாரங்களெல்லாம் அதில் ஏறி உட்கார வரிசையில் நிற்கின்றன.

இதில் கொஞ்சமாவது உண்மை உண்டு. அவள் வேலை பார்க்கும் கடிகாரக் கடை இணையத்தில் போடும் வீடியோக்களில் வருவது அவள் கைதான். மணிக்கட்டுக்கு மேலே இருக்கிற அக்காவை முதலாளி ஒருநாளும் காட்டியதில்லை. 'இந்தக் கைக்குச் சொந்தக்காரி யாரு?' என்று முகம் தெரியாதவர்களெல்லாம் உருகினார்கள்.

ஒருநாள் பின்னாலிருந்த கண்ணாடி காட்டிக்கொடுத்துவிட்டது. இரட்டை நாடி, உருண்ட தோள், பொத்தான் இழுத்துப் பிடித்த சட்டை என்று முழு அக்காவும் வீடியோவில் வந்துவிட்டாள். உருகியவர்களே, 'கை மட்டும் இரவலா?' என்றார்கள். 'வாட்ச இடுப்புல கட்டிக் காட்டு, பட்டை பத்துதான்னு பாப்போம்' என்றான் ஒருவன்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இனிமே அந்தக் கண்ணாடிக்குத் துணி போட்டுரும்மா" என்றார்.

வீட்டில் அவள் சோற்றைத் தொடவில்லை. படிப்புக்கு முழுக்குப் போட்ட தம்பி, "ஏய் குண்டூசி" என்று சீண்டிப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. தலை முதல் கால் வரை தெரியும் படம் ஒன்றை இணையத்தில் தன் பக்கத்தில் போட்டாள்.

"நாலு பேரு நல்லாருக்குன்னா துணி போட மாட்டேன்னு முதலாளிகிட்ட சொல்லிருவேன்" என்றாள் தம்பியிடம்.

நாலு பேரென்ன, கூட்டமே வந்தது. 'உங்கள் சிரிப்பைப் பார்த்துக் கலங்கரை விளக்கமே வெட்கப்பட்டு அணைந்துவிட்டது' என்று எழுதினார் ஒரு கப்பல் கேப்டன். ஒரு பல் டாக்டர், ஒரு விமானி, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர். அக்கா முதலாளியிடம் சொல்லியே விட்டாள். அவர் முகத்தைச் சுளித்தாலும் கண்ணாடி ஒரு வாரம் திறந்தே இருந்தது.

அப்புறம் அடுத்த படம் போட்டாள். பகல் முழுக்க ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம் தம்பி தன் போனை ரிப்பேர் கடையிலிருந்து வாங்கி வந்தான். உடனே கேப்டன் வந்துவிட்டார்.

"ஏண்டா, கப்பல்ல சிக்னல் இல்ல, சரி. டாக்டர், நீதிபதி எல்லாருக்குமா ஒரே நாள்ல போன் ரிப்பேர்?"

தம்பி போனைச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

"உன் போன் செத்தா என்னைப் புடிக்கறதுக்கு உலகத்துல ஆளே இல்லடா."

"எனக்குப் புடிக்கும்க்கா."

"ஊர்ல உள்ளவன் பேர்லல்லாம் எழுதினியே, உன் பேர்ல ஒரு வரி உண்டா? கூட்டாளிங்க பாத்தா கேலி பண்ணுவாங்கன்னுதானே? முதலாளி கண்ணாடிக்குத் துணி போடச் சொன்னாரு. நீ உன் பேருக்கே போட்டுக்கிட்ட."