ஈஸ்வரியில் பிழையில்லை

என் மனைவிக்கு மலடி என்ற பெயரை வாங்கிக் கொடுத்தவன் நான். அவள் மலடியல்லள் என்று தெரிந்துகொண்டே கொடுத்தேன்.

இரக்கப்படாதீர்கள். உங்கள் இரக்கம் எனக்கு அருவருப்பு!

உருத்திரபுரத்தில் நெல் விதைக்கிறவன் நான். வாயில் சுருட்டு, முதுகில் மருந்தடிக்கும் மெசின். மூக்கைக் கட்டாமல் பூச்சிமருந்து அடிப்பதே ஆண்மை என்று நினைத்திருந்தேன். கலியாணமாகி நெடுங்காலம்... பிள்ளை இல்லை. எண்பத்தொன்றில் ஈஸ்வரி என்னை வவுனியாவுக்கு ஒரு டொக்டரிடம் இழுத்துப் போனாள். இருவரையும் சோதித்தவர், முடிவு சொல்லும் நாளில் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

“மனிசியில பிழையில்லை. பிழை உம்மில. இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது ஒட்சிசன், தெரியுமே? சுருட்டுப் புகையும் வயல் மருந்தும் சேர்ந்தா உடம்புக்குள்ளயும் அப்பிடித்தான் நடக்குமெண்டு இப்ப ஆராய்ச்சிக்காரர் சொல்லுகினம். விந்தணு அரிபட்டுப் போகுது. சுருட்டை விடும். மருந்தடிக்கேக்க மூக்கைக் கட்டும். கொஞ்ச மாதத்தால வாரும், திருத்தப் பாப்பம்.”

கேட்டீர்களா? திருத்தப் பார்ப்போம் என்றார்!

வெளியே வாங்குப் பலகையில் இருந்த ஈஸ்வரி எழுந்து வந்தாள்.

“என்னவாமப்பா?”

“உன்னிலதான் பிழையாம்.”

எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? நான் யோசிக்கக்கூட இல்லையே... பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் திரும்பி, கிளிநொச்சி வரும்வரை அழுதாள். இறங்கியதும் நான் சுருட்டுப் பற்றவைத்தேன்.

அதை நான் விடவேயில்லை. விட்டால், “ஏன் விட்டனீங்கள்?” என்று கேட்பாளே! பிள்ளை இல்லாமற் போவதைவிட அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன்.

பெரியபிள்ளையான பெட்டைகளுக்குச் சடங்கு செய்யும் சாமத்திய வீடுகளுக்கு அவளை வரவேண்டாமென்று என் தாய் தடுத்தாள். பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஈஸ்வரியே சொன்னாள்:

“ராணியைக் கட்டுங்கோ. என்ர தங்கச்சிதானே... உங்கட பிள்ளையை நானும் தூக்குவன்.”

அப்போதாவது வாய் திறந்தேனா? ராணிக்குத் தாலி கட்டினேன்! டொக்டர் பிழையாகச் சொல்லியிருப்பார் என்று நம்பினேனா? இல்லை. ஊர் என்னை ஆண் என்று சொல்லவேண்டும்... அவ்வளவுதான். நீங்கள் காறித் துப்பலாம். துப்புங்கள்!

இப்போது ராணியும் மலடி. குசினியில் அக்காள் கசாயம் காய்ச்ச, தங்கை முகம் சுளித்துக் குடிக்கிறாள். நேற்று ராணி என்னிடம் வந்து நின்றாள்.

“அத்தான், அக்காவிலயும் பிழை, என்னிலயும் பிழையெண்டால்... எங்கட குடும்பத்துக்கே ஏதும் சாபமோ?”

“ஓம், இருக்கும்” என்றேன்.